இடது ஓரத்தில் அப்பா

அத்தியாயம் ஏழு

"ஃபிளாஸ்க் மூடி எங்கே?"

"அலமாரியில."

"அலமாரியிலன்னா எங்கே? எல்லாத்தையும் கண்ட இடத்துல வெச்சுட்டு வெளிய கிளம்பிட வேண்டியது!"

அம்மா எட்டி மூடியை எடுத்து மேடையில் வைத்தாள். சின்னவள் அதை வெடுக்கென்று எடுத்துத் திருகினாள். பெரியவன் சமையலறை வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூடிக்கும் ஃபிளாஸ்க்குக்கும் இந்தக் கோபத்தில் பங்கே இல்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

ஐந்து நாளாக இப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு மணிக்கு அம்மா தன் தங்கை வீட்டிலிருந்து திரும்பியபோது, அப்பா கூடத்து நாற்காலியில் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தார். ஒன்றே முக்காலுக்கு ஆஸ்பத்திரி. வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் போயிருந்தன. ஸ்கேன் எடுத்த கையோடு டாக்டரம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"இவரைக் கடைசியா நல்லபடியா பார்த்தது யாரு? எத்தனை மணிக்கு?"

"நான்தான்" என்றாள் அம்மா. "காலையில ஏழு மணிக்குக் காபி கொடுத்தேன். நல்லா பேசினார். அப்புறம் நான் கிளம்பிப் போயிட்டேன்."

டாக்டரம்மா பெரியவன் பக்கம் திரும்பினார். "நீங்க வீட்டுலதானே இருந்தீங்க?"

"நான் என் வேலையில இருந்தேன் டாக்டர். கவனிக்கல."

ரத்தக் கட்டைக் கரைக்கும் ஊசி ஒன்று உண்டாம். பக்கவாதம் அடித்த நேரத்திலிருந்து நாலரை மணிக்குள் போட வேண்டும். நேரம் தெரியாவிட்டால், கடைசியாக நன்றாகப் பார்த்த நேரம்தான் கணக்கு. ஏழிலிருந்து எண்ணினால் ஏழு மணி நேரம். போட முடியாது, மூளைக்குள் ரத்தம் கசிந்துவிடும் என்று சொல்லி டாக்டரம்மா கையை விரித்துவிட்டார்.

சின்னவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அந்த ஏழு மணி நேரத்தை அவள் விடவே இல்லை. இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவள், அன்றைக்குத் தகவல் தெரிந்து ஓடிவந்த நிமிஷத்திலிருந்து அதையே கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தாள். அம்மா பத்து மணிக்குத் திரும்பியிருந்தால்? பதினொன்றுக்காவது? தங்கை வீட்டில் அப்படி என்ன அரட்டை?

இப்போதும் கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே அதைத்தான் சொன்னாள்.

"இன்னைக்கு மூக்கு வழியா குழாய் விடப்போறாங்களாம். இனிமே சோறும் தண்ணியும் அது வழியாத்தான். ஒரு ஃபோன் பண்ணிக் கேட்டிருந்தா போதும். 'சாப்பிட்டீங்களா'ன்னு ஒரு ஃபோன். முழுங்கவாவது முடிஞ்சிருக்கும்."

"சின்னவளே, விடு" என்றான் பெரியவன்.

"நீ சும்மா இருண்ணா. உனக்கு லென்ஸைத் தவிர எது கண்ணுல படும்? உன்னை யாரு கேட்டா?"

கதவு சாத்திக்கொண்டது. அம்மா சற்று நேரம் அந்தக் கதவையே பார்த்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு, அடுத்த பஸ்ஸைப் பிடிக்கப் படியிறங்கினாள். மகளோடு ஒரே பஸ்ஸில் போகும் தைரியம் அவளுக்கு இல்லை. முந்தின நாள் ராத்திரி அவளுக்குத் தட்டில் போட்டுக் கொடுத்த ரொட்டி அப்படியே காய்ந்து கிடந்தது.

பெரியவன் பதினொரு மணிக்குப் போனால் போதும். வீட்டில் தனியாக நின்றான். அப்போதுதான் ஃபோன் அடித்தது.

பேசியவர் பல் டாக்டர்.

அவரைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. பெரியவனுக்கு மருந்து பாட்டில் செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலை. ஓடும் பட்டையில் ஆயிரம் பாட்டில் போனாலும் மயிரிழை விரிசல் விழுந்த ஒன்றைத் தட்டி எடுத்துவிடுவான். அந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் விடுமுறை நாட்களில் கேமரா லென்ஸ்களை ஒப்பிட்டு எழுதுவான். பொழுதுபோக்குக்குப் படம் எடுக்கும் முந்நூறு பேர் கொண்ட குழு ஒன்று அதற்காகவே காத்திருக்கும். 'மாஸ்டர், இதை வாங்கலாமா, அது போதுமா?' என்று கேட்பார்கள். மாஸ்டர் சொல்லிவிட்டால் மறுபேச்சு இல்லை. பல் டாக்டரும் அந்தக் குழுவில் ஒருவர். புதிதாக வாங்கிய பெரிய லென்ஸை, 'நம்ம எல்லாரும் வெச்சிருக்கிற சின்ன லென்ஸோட ஒப்பிட்டுச் சொல்லுங்க' என்று அவர்தான் கொடுத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை ஒப்பிட்டாயிற்று. திங்கட்கிழமை அவர் அனுப்பிய ஆள் வந்து லென்ஸை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

"தம்பி, ஆஸ்பத்திரி அலைச்சல்ல இருக்கீங்கன்னு குழுவுல பார்த்தேன். யாருக்குன்னு போடலையே?"

"வீட்டுல ஒருத்தருக்கு உடம்பு சரியில்ல சார். சொல்லுங்க."

"என் லென்ஸுல குறைன்னு எழுதியிருந்தீங்க. இடது ஓரம் சரியுது, உள்ள கண்ணாடி ஒண்ணு கோணலா உட்கார்ந்திருக்கு, கடையில திருப்பிக் கொடுத்துடுங்கன்னு."

"ஆமா சார்."

"நேத்து ராத்திரி ஒரு செங்கல் சுவரை எடுத்துப் பார்த்தேன். நாலு மூலையும் கத்தி மாதிரி கூர்மையா இருக்கு. ஒரு குறையும் இல்ல."

பெரியவனுக்குச் சுருக்கென்றது. அவன் தீர்ப்பை யாரும் இதுவரை மறுத்ததில்லை. "செங்கல்ல தெரியாது சார். நான் ஆதாரத்தோட படமே போட்டிருக்கேன். பாருங்க."

"பார்த்தேன். அதான் கூப்பிட்டேன்." பல் டாக்டர் தொண்டையைச் செருமினார். "அந்தப் படத்துல இடது ஓரத்துல உட்கார்ந்திருக்கிறவர் யாரு தம்பி?"

"எங்க அப்பா."

மறுமுனையில் நாற்காலி ஒன்று இழுபடும் சத்தம் கேட்டது.

"சார்?"

"அப்பா நல்லா இருக்காரா தம்பி?"

பெரியவன் திரும்பிக் கூடத்து நாற்காலியைப் பார்த்தான்.

"இருபத்திரண்டு வருஷமா நான் வாயைத்தான் பார்த்துக்கிட்டு இருக்கேன்" என்றார் அவர் மெதுவாக. "லென்ஸ் கோணலா இருந்தா நாற்காலியும் கோணணும், பின்னாடி சுவரும் கோணணும். உங்க படத்துல வாய் மட்டும்தான் கோணியிருக்கு."

ஃபோன் எப்போது துண்டிக்கப்பட்டது என்று அவனுக்குத் தெரியவில்லை.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். ஞாயிற்றுக்கிழமைப் படங்கள் அப்படியே இருந்தன. மொத்தம் நாற்பத்தாறு.

அவன் ஒப்பிடும் முறை எப்போதும் ஒன்றுதான். கூடத்தில் முக்காலியைப் போட்டு கேமராவை நிறுத்துவான். நட்ட நடுவில் சுவர்க் கடிகாரம். லென்ஸின் நடுப்பகுதி எப்படி என்று அந்த எண்களைப் பார்த்துச் சொல்வான். இடது ஓரத்தில் ஜன்னலையொட்டி அப்பா, கையில் செய்தித்தாளோடு. ஓரங்கள் எப்படி என்று அந்த எழுத்துக்களைப் பார்த்துச் சொல்வான். லென்ஸின் வாயை அகலத் திறந்து ஒன்று, கொஞ்சம் குறுக்கி ஒன்று, இன்னும் குறுக்கி ஒன்று என்று வரிசையாக எடுப்பான். பிறகு லென்ஸை மாற்றி அதே வரிசை.

அப்பாவை உட்காரவைத்ததற்குக் காரணம், அவர் ஆடமாட்டார். முப்பது வருஷம் பஸ் கண்டக்டர். "வாழ்க்கை பூரா ஆடிக்கிட்டே நின்னவன்டா நான். அசையாம உட்காருன்னு நீ ஒருத்தன்தான் சொல்றே. குடுத்து வெச்சிருக்கணும்" என்பார். ஒவ்வொரு முறை கேமரா 'க்ளிக்' என்றதும், "போலாம் ரைட்!" என்று குரல் கொடுப்பார். அடுத்த படத்துக்குப் போகலாம் என்று அர்த்தம்.

முதல் படத்தைத் திறந்தான். சின்ன லென்ஸ். கடிகாரத்தில் மணி பத்து ஐந்து. அப்பா கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்து லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தார். செய்தித்தாள் நேராக இருந்தது.

இருபதாவது படம். பத்து இருபத்தைந்து. சின்ன லென்ஸின் கடைசி. அப்பா நேராக இருந்தார்.

இருபத்தொன்று. பல் டாக்டரின் லென்ஸ் ஏறிவிட்டது. பத்து முப்பத்திரண்டு. எல்லாம் சரிதான்.

இருபத்துநான்கு. பத்து முப்பத்தாறு. செய்தித்தாளின் ஒரு முனை தாழ்ந்திருந்தது.

அவனுக்கு ஞாபகம் வந்தது. அப்போது கேமரா கோணலாக நிற்கிறதோ என்று நினைத்தான். முக்காலியின் காலைத் தளர்த்தி, நீர்மட்டம் பார்த்து, நிமிர்த்தி வைத்தான். கேமராவை நிமிர்த்தினான். அப்பாவை நிமிர்ந்து பார்க்கவில்லை.

இருபத்தாறு. இருபத்தெட்டு. வாயின் ஒரு பக்கம் இறங்கியிருந்தது, மெழுகு உருகினதுபோல. அந்தப் பக்கத்துக் கண் பாதி மூடியிருந்தது. அந்தப் பக்கம்தான் படத்தின் விளிம்பு. அதைத்தான் அவன் பெரிதாக்கி, சிவப்பு வட்டம் போட்டு, 'உருவம் ஓரத்தில் உருகுகிறது' என்று எழுதிக் குழுவில் போட்டிருந்தான். பன்னிரண்டு நாற்பதுக்கு. முந்நூறு பேர் பார்த்தார்கள். 'மாஸ்டர் கண்ணுக்கு எதுவும் தப்பாது' என்று ஒருவர் எழுதியிருந்தார்.

பதினொன்றிலிருந்து பன்னிரண்டு நாற்பது வரை அவன் அறைக்குள் இருந்தான், அப்பாவின் முகத்தைத் திரையில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு. அப்பா சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தார்.

'போலாம் ரைட்' எந்தப் படத்தோடு நின்றுபோனது? யோசித்து யோசித்துப் பார்த்தான். நினைவே இல்லை. சத்தம் இருந்தது தெரியும். இல்லாமல் போனது தெரியவில்லை.

கடைசியாக ஒரு வழக்கம் அவனுக்கு உண்டு. வெளிச்சம் மாறியிருந்தால் ஒப்பீடு கெட்டுவிடும் என்பதற்காக, முடிக்கும்போது பழைய லென்ஸையே மறுபடி மாட்டி ஒரே ஒரு படம் எடுப்பான். அதை அன்றைக்கு அவன் திறந்துகூடப் பார்க்கவில்லை. தீர்ப்புதான் தெரிந்துவிட்டதே!

இப்போது திறந்தான். நாற்பத்தாறாவது படம். சின்ன லென்ஸ், குறையே இல்லாத லென்ஸ். அதிலும் வாய் கோணித்தான் இருந்தது.

அதற்கு முந்தின வரிசையில் ஒரு படத்தை அவன் திறக்காமலே கடந்திருந்தான். முப்பத்தொன்று. திறக்க வேண்டாம் என்று விரல் சொன்னது. திறந்தான்.

பத்து நாற்பத்தொன்று. அப்பா இடது கையைத் தூக்கியிருந்தார். உள்ளங்கை அவனைப் பார்த்திருந்தது. பஸ்ஸை நிறுத்தச் சொல்லும் கை.

அன்றைக்கு அவன் சிரித்தான். அது ஞாபகம் இருக்கிறது. அப்பா விளையாடுகிறார் என்று நினைத்துச் சொன்னது ஒவ்வொரு வார்த்தையாக ஞாபகம் இருக்கிறது.

"அப்பா, இங்க ஸ்டாப்பிங் கிடையாது. கையை இறக்குங்க. அசையாம இருங்க."

முப்பத்திரண்டாவது படத்தில் கை இறங்கியிருந்தது. மடியில், ஒழுங்காக. சொன்ன பேச்சைக் கேட்டிருந்தார்.

பத்து முப்பத்தாறோடு நாலரை மணி நேரத்தைக் கூட்ட அவனுக்குத் தங்கை தேவைப்படவில்லை. மூன்று மணி ஆறு நிமிஷம். ஸ்கேன் முடிந்து டாக்டரம்மா கேள்வி கேட்டபோது மணி இரண்டு பத்து.

ஐம்பத்தாறு நிமிஷம் மிச்சம் இருந்தது. ஊசி அதே கட்டடத்தில் இருந்தது.

ஆஸ்பத்திரி மூன்றாவது மாடி நடையில் அம்மா தனியாக உட்கார்ந்திருந்தாள். உள்ளே போகவில்லை. மகள் உள்ளே இருக்கும்போது அவள் வெளியே, மகள் வெளியே வந்தால் அவள் உள்ளே. ஐந்து நாளில் அப்படி ஒரு முறை வைத்துக்கொண்டிருந்தாள்.

பெரியவன் பக்கத்தில் உட்கார்ந்தான். ஃபோனில் ஏற்றிக்கொண்டு வந்திருந்த படங்களில் ஒன்றை எடுத்து அவள் மடியில் வைத்தான்.

"என்னடா இது?"

"ஞாயித்துக்கிழமை எடுத்ததும்மா. கடிகாரத்தைப் பாரு."

அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அப்பாவைத்தான் பார்த்தாள். முதல் படம் அது. "சிரிக்கிறாரே" என்றாள். அவள் முகத்தில் ஒரு நிமிஷம் ஏதோ துளிர்த்தது. "இப்படிச் சிரிச்சுக்கிட்டா இருந்தார்?"

"பத்து முப்பத்தாறு வரைக்கும் நல்லாத்தான் இருந்தாரும்மா. அதுக்கப்புறம்தான். என் முன்னாடிதான். நீ ஏழு மணிக்குப் போனதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

அவன் அடுத்ததைத் தள்ளினான். அடுத்ததை. கை தூக்கிய படத்தில் அவள் அவன் விரலைப் பிடித்து நிறுத்தினாள்.

"கூப்பிட்டிருக்கார்."

"ஆமாம்மா."

"நீ என்ன சொன்னே?"

சொன்னான். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

அம்மா சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். தள்ளுவண்டி ஒன்று ஒரு சக்கரம் கீச்சிட அவர்களைக் கடந்து போனது. அது திரும்பி வரும்வரை அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"ஊசி போட்டிருக்கலாம். இல்ல?"

"போட்டிருக்கலாம்மா."

"அன்னைக்கு டாக்டர் கேட்டப்ப சொல்லியிருந்தா?"

"அப்ப எனக்கே தெரியாதும்மா. சத்தியமா. படம் எடுத்துக்கிட்டு இருந்தேன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. 'என் வேலையில இருந்தேன்'னு சொல்லிட்டேன். எடுத்தேன்னு சொல்லியிருந்தா, படத்தைக் காட்டுன்னாவது கேட்டிருப்பாங்க."

அவள் மடியிலிருந்த ஃபோனை எடுத்து அவன் கையில் வைத்தாள்.

"மன்னிச்சுடுன்னு மட்டும் இப்ப கேட்காதே. கேட்டா என்ன சொல்வேன்னு எனக்கே தெரியல."

"கேட்கலம்மா."

"ஆனா இது அவகிட்டப் போகக்கூடாது." உள்ளே இருக்கும் மகளைத்தான் சொன்னாள். "என்மேல கோபம்னா ஆறு மாசத்துல ஆறிடும். பெத்தவளை எத்தனை நாள் ஒதுக்கி வைப்பா? உன்மேல வந்தா ஆறாது. எங்களுக்கப்புறம் அவளுக்கு நீ, உனக்கு அவ. அதைக் கெடுத்துக்காதே."

"அஞ்சு நாளா நீ சாப்பிடலம்மா."

"இப்ப சாப்பிடுவேன். என் மேல தப்பு இல்லைன்னு எனக்குத் தெரிஞ்சா போதும். ஊருக்கே தெரியணுமா? அழிச்சுடு அதை."

அவன் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இறங்கியது என்பதுதான் அவனுக்கு அசிங்கமாக இருந்தது. தப்பித்துவிட்டோம் என்று மனசு ஒரு மூலையில் கைதட்டியது. அந்தக் கைதட்டல் அவனுக்கே கேட்டது.

"அண்ணா!" கதவைப் பாதி திறந்து சின்னவள் எட்டிப் பார்த்தாள். "வந்துட்டியா? உள்ள வா. உனக்கு ஒண்ணு காட்டணும்."

அம்மாவும் எழுந்தாள். இன்றைக்கு முதல் முறையாக முறையை மீறி, மகள் உள்ளே இருக்கும்போதே பின்னால் வந்தாள்.

கட்டிலில் அப்பா. தலையணை இரண்டு வைத்து நிமிர்த்தியிருந்தார்கள். மூக்கில் குழாய், கன்னத்தில் ஒட்டுப்பட்டை. இடது கை மட்டும் உயிரோடு இருந்தது. போர்வையை இழுத்தது, கட்டில் கம்பியைத் தடவியது, குழாயை நோண்டப் போனது.

"பார்த்தியா, காலையிலேர்ந்து ஒரு நிமிஷம் சும்மா இல்ல" என்று சின்னவள் குரலைத் தணித்தாள். "குழாய் விட்டப்ப ரெண்டு பேர் பிடிச்சுக்க வேண்டியிருந்துச்சு. நர்ஸ் வந்தாலும் இப்படித்தான், நான் வந்தாலும் இப்படித்தான். இப்ப நீ கிட்டப் போ."

"எதுக்கு?"

"போயேன்."

பெரியவன் கட்டிலின் கால்மாட்டுக்குப் போனான். அப்பாவின் கண் அவனைக் கண்டது.

கை நின்றது. போர்வையிலிருந்து மெல்ல நகர்ந்து மடிக்கு வந்து ஒழுங்காகப் படிந்தது. முடிந்தவரை முதுகு நிமிர்ந்தது. முகத்தின் பாதி இறுகி, பார்வை அவனுக்கு நேராக வந்து நிலைத்தது. அதன் பிறகு அப்பா அசையவே இல்லை. மூச்சு மட்டும் வந்து போனது.

"முந்தாநாள் பார்த்தேன். தற்செயல்னு நினைச்சேன். நேத்து ரெண்டு தடவை பார்த்தேன்" என்றாள் சின்னவள். "நீ போற வரைக்கும் இப்படியேதான் இருக்கார். சிலை மாதிரி. உன்னைப் பார்த்தா மட்டும். ஏன்ணா?"

பெரியவன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டான். அழித்துவிடலாம் என்று அறைக்கு வெளியே எடுத்த முடிவு உள்ளே அவனோடு வரவில்லை.

"அப்பா" என்றான். "முடிஞ்சிடுச்சுப்பா. எல்லாப் படமும் எடுத்தாச்சு. ரைட். அசையலாம்பா."

அப்பா அசையவில்லை.

"போலாம் ரைட், அப்பா."

மடியிலிருந்த கை லேசாக ஆடியது. பிறகு மெதுவாக, மிக மெதுவாக மேலே எழுந்தது. உள்ளங்கை அவனைப் பார்த்தது. பெரியவன் இரண்டு எட்டில் போய் அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டான். ஐந்து நாள் பிந்தி.

"என்ன படம்?" என்றாள் சின்னவள்.

அம்மா கதவைச் சாத்தினாள்.

"எப்ப எடுத்த படம்ணா? ஞாயித்துக்கிழமையா? எத்தனை மணிக்கு?"

"சொல்றேன்" என்று அவன் திரும்பினான்.

"வேண்டாம்டா" என்றாள் அம்மா, கதவருகிலிருந்து.

சின்னவளின் கண் அண்ணனிடமிருந்து அம்மாவுக்குப் போனது. அம்மாவிடமிருந்து அண்ணனுக்கு வந்தது. கரும்பலகையில் கணக்கு எங்கே தப்பியது என்று தேடும் பார்வை அது.

"அப்ப உங்க ரெண்டு பேருக்கும் தெரியும்" என்றாள். பிறகு கையை நீட்டினாள். "ஃபோனைக் கொடு."